துட்டகைமுனுவின் தம்பி அண்ணனுக்கு எதிராக ஏன் போர் செய்தான்?

கேள்வி கேட்டவர் சேருவில விகாரைக்குப் போய் வந்திருக்கிறார். அதைக் கட்டியவன் காக்கவண்ணதீசன் என்ற அரசன், பின்னாளில் அநுராதபுரத்தை ஆண்ட துட்டகைமுனுவின் தகப்பன் என்று அங்கே அறிந்திருக்கிறார். துட்டகைமுனுவுக்கு ஒரு தம்பி இருந்தான், அவன் அண்ணனோடேயே போர் செய்தான் என்று கூடப் போனவர் சொன்னாராம். இது உண்மையா, உண்மையென்றால் காரணம் என்ன, அந்தத் தம்பி நம்முடைய வீடணன் மாதிரியான ஆளா என்று கேட்கிறார். இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரருக்கு அரசனின் தம்பி என்றதும் வீடணன் ஞாபகத்துக்கு வருவது இயல்புதான். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தம்பி துரோகியா என்பது ஒன்று. அதைச் சொல்லும் நூலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது மற்றது. இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலையில் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன். பாளியை மூலத்தில் படிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. இலங்கை அரசர்களின் கதையைப் பாளியில் சொல்லும் மகாவம்சத்தை மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுத்தான் படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்றே சொல்லுகிறேன்.

நேரடியான பதில் இதுதான். மகாவம்சத்தின்படி தம்பி அண்ணனோடு இரண்டு முறை போர் செய்தான். முதல் போரில் அண்ணன் தோற்று ஓடினான். இரண்டாவதில் தம்பி தோற்றான். பிறகு சமாதானமாகி, அண்ணன் இறந்ததும் அவனே அரசனானான். அவன்தான் சத்தாதீசன். இனி நான் தீசன் என்று எழுதும் இடத்திலெல்லாம் இவனையே நினைத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இவனுக்கும் வீடணனுக்கும் பெரிய பொருத்தம் இல்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

கதை இவர்களுக்கு நாலு தலைமுறை முன்னால் தொடங்குகிறது. அநுராதபுரத்தில் தேவநம்பியதீசன் அரசனாக இருந்தபோது அவன் தம்பி மகாநாகன் உபராசன், அதாவது அரசனுக்கு அடுத்தவன். அரசனுக்குப் பிறகு தன் மகன் ஆள வேண்டும் என்று அரசி விரும்பினாள். குளம் கட்டும் வேலையில் நின்ற மகாநாகனுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினாள். மேலே இருந்த பழத்தில் நஞ்சு. மகாநாகனோடு போயிருந்த அவளுடைய சொந்தப் பிள்ளையே அந்தப் பழத்தை எடுத்துத் தின்று செத்துப்போனது. இனி இங்கே இருந்தால் உயிர் மிஞ்சாது என்று மகாநாகன் குடும்பத்தோடு தெற்கே உருகுணைக்குப் போனான். வழியில் அவனுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளைக்குத் தன் அண்ணனுடைய பெயரையே வைத்தான் என்று மகாவம்சம் சொல்லுகிறது. உயிருக்குப் பயந்து ஓடும் வழியிலும் அண்ணன் பெயரை மகனுக்கு வைத்த இந்த மனிதன்தான் உருகுணை அரச வம்சத்தின் முதல்வன். இவன் வழியில் வந்தவன் காக்கவண்ணதீசன்.

இந்தப் பழைய கதையைச் சொல்லாமல் தீசனின் கதையை விளக்கினால், அவன் வெறும் பொறாமைக்காரனாகத்தான் தெரிவான். அந்தக் காலத்து இலங்கையில் தகப்பனுக்குப் பின் மூத்த மகன் என்ற முறை இறுகியிருக்கவில்லை. அரசுரிமை பெரும்பாலும் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போனது. தேவநம்பியதீசனுக்குப் பிறகு உத்தியன், மகாசிவன், சூரதீசன் என்று சகோதரர்களே ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். அப்படியான முறையில் அரசனின் தம்பி சும்மா ஒரு உறவினன் இல்லை. அவனே அடுத்த அரசன், அதனால் அவனே முதல் சந்தேகத்துக்கு உரியவன். தம்பியைப் பக்கத்தில் வைத்திருந்தாலும் பயம், ஒரு பிரதேசத்தைக் கொடுத்துத் தூர அனுப்பினாலும் பயம். அரசிகளுக்கோ தங்கள் பிள்ளையின் வழியில் கொழுந்தன் நிற்கிறானே என்ற எரிச்சல். அந்த மாம்பழம் இந்த முறைக்குள்ளிருந்து வந்தது.

இனி காக்கவண்ணதீசனின் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் காமணி அபயன், பின்னாளில் துட்டகைமுனு. இளையவன் தீசன். தாய் விகாரமகாதேவி. மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்குப் பத்து வயது ஆனபோது தகப்பன் அவர்களைச் சோதித்த காட்சி மகாவம்சத்தின் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிக்குகள் உண்டு மிஞ்சிய சோற்றை மூன்று பங்காக வைத்தான். முதல் பங்கைக் கொடுத்து, "குலதெய்வமான பிக்குகளை ஒருநாளும் விட்டு விலகமாட்டோம் என்று சொல்லி உண்ணுங்கள்" என்றான். உண்டார்கள். இரண்டாவது பங்கு: "அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஒருநாளும் பகைக்கமாட்டோம்." அதையும் அமுதம் போல உண்டார்கள். மூன்றாவது பங்கு: "தமிழரோடு ஒருநாளும் போர் செய்யமாட்டோம்." தீசன் சோற்றைக் கையால் தட்டிவிட்டான். காமணி கவளத்தை வீசிவிட்டுப் போய்ப் படுக்கையில் கை கால்களை மடக்கிச் சுருண்டு படுத்தான். ஏன் நீட்டிப் படுக்கவில்லை என்று தாய் கேட்க, "கங்கைக்கு அப்பால் தமிழர், இந்தப் பக்கம் கடல், நான் எப்படிக் கை காலை நீட்டிப் படுப்பேன்" என்றானாம்.

இந்தக் கடைசி வசனம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மேடைகளிலும் பல காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஆனால் இரண்டாவது பங்கைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அதை இருவரும் மனமொப்பி உண்டார்கள், பிறகு அந்த வாக்கைத்தான் மீறினார்கள். மகாவம்சம் தன் நாயகனை அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனிடம் கொண்டுபோவதற்கு முன் இதற்காக ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. 24ஆம் அதிகாரத்தின் பெயரே இரு சகோதரர் போர்தான்.

கங்கை என்று காமணி சொன்னது மகாவலியை. திருகோணமலையில் இருப்பவருக்கு இது தூரத்துப் பெயர் இல்லை. கிண்ணியாவைத் தாண்டி மூதூருக்குப் போகும்போது கடக்கிறோமே, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் அதே ஆறு. பழைய உருகுணையின் வடக்கு எல்லை அது. நகரத்திலிருந்து புறப்பட்டு ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் காக்கவண்ணதீசன் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய நிலம். சேருவில தாதுகோபத்தை, அதாவது புனிதத் தாது வைத்த தூபியை, அவன் கட்டியதாகச் சொல்லுவது மகாவம்சத்துக்குப் பிந்திய தாதுவம்சம் என்ற நூல். எல்லையில் ஒரு விகாரை கட்டுவது பக்தி மட்டும் இல்லை, இதுவரை என் ஆட்சி என்று சொல்லும் வழியும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, நூல் சொல்லுவதில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். வளர்ந்த பிறகு தகப்பன் இளையவனைத் தீகவாபிக்கு அனுப்பினான். இன்றைய அம்பாறை மாவட்டத்தில் இருக்கும் வளமான நெல் பூமி அது. மூத்தவன் மாகமத்தில், அதாவது இன்றைய திசமகாராமப் பக்கத்தில், தகப்பனோடு இருந்தான். எல்லாளனோடு போருக்குப் போகிறேன் என்று அனுமதி கேட்டான். கங்கைக்கு இந்தப் பக்கம் போதும் என்று தகப்பன் மறுத்தான். மூன்றாம் முறையும் மறுத்தபோது மகன் தகப்பனுக்குப் பெண்கள் அணியும் நகை ஒன்றை அனுப்பினான். ஆண்பிள்ளையாக இருந்தால் இப்படிப் பேசமாட்டார், இதை அணிந்துகொள்ளட்டும் என்பது செய்தி. தகப்பன் பொற்சங்கிலி செய்து இவனைக் கட்டிப் போடுங்கள் என்று கொதிக்க, மகன் மலைநாட்டுக்கு ஓடிப்போனான். தகப்பனிடம் பொல்லாதவனாக நடந்துகொண்டதால் துட்ட என்ற அடைமொழி வந்தது என்று மகாவம்சமே சொல்லுகிறது.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மூத்தவன் தகப்பனை அவமதித்துவிட்டு மலைக்காட்டில் ஒளிந்திருக்கிறான். இளையவன் சொன்ன இடத்தில், கொடுத்த வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அப்போது காக்கவண்ணதீசன் இறந்தான். செய்தி தீசனுக்கு எட்டியது. அவன் தீகவாபியிலிருந்து வந்து தகப்பனுக்குரிய கிரியைகளைக் குறையில்லாமல் செய்தான். பிறகு தாயையும் கண்டுல என்ற பட்டத்து யானையையும் கூட்டிக்கொண்டு தீகவாபிக்குத் திரும்பினான். அண்ணனுக்குப் பயந்து அப்படிச் செய்தான் என்கிறது மகாவம்சம்.

நம்முடைய ஊரில் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் யார் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கேயும் அதே கனம் இருந்திருக்க வேண்டும். கிரியை செய்தவன் தம்பி, தாய் இருப்பது தம்பியிடம், அரசனுக்குரிய யானை நிற்பதும் தம்பியிடம். அண்ணனோ அமைச்சர்கள் சொல்லியனுப்பிய பிறகுதான் மலையிலிருந்து இறங்கி வந்து மாகமத்தில் முடி சூடுகிறான். வீடு அண்ணன் பெயரில், உறுதியும் திறப்பும் தம்பி கையில் என்ற நிலை. தாயையும் யானையையும் அனுப்பு என்று அண்ணன் மூன்று முறை ஓலை அனுப்பினான். அவன் கேட்டது பாசத்தால் மட்டுமோ யானை ஆசையால் மட்டுமோ இல்லை. அந்த இரண்டும் இல்லாமல் அவன் முழு அரசன் இல்லை என்பதுதான் விசயம். தம்பி கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் தன்னிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

தீசன் மனதில் இருந்தது பயமா, ஆசையா? நூல் பயம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது. வெறும் பயமாக இருந்தால் யானையைக் கொண்டுபோயிருக்கத் தேவையில்லை. ஆசை மட்டும் என்றால் மாகமத்திலேயே இருந்து முடி சூடியிருக்கலாம், அண்ணன்தான் ஊரில் இல்லையே. அவன் அதைச் செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டு, ஆனால் அதை எடுக்கத் துணிவில்லை, விடவும் மனமில்லை என்ற இடத்தில் நின்ற ஒரு இளைஞனாகத்தான் அவன் எனக்குத் தெரிகிறான்.

தகப்பனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. துட்டகைமுனுவின் பத்து வீரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்தால் நீங்கள் எந்தப் பக்கமும் போகக் கூடாது என்று காக்கவண்ணதீசன் அவர்களிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தான். அவர்கள் அதைக் காத்தார்கள். அதனால் முதல் போரில் அண்ணனுக்கு அந்தப் பலம் இல்லை. சூளங்கணியபிட்டி என்ற இடத்தில் அவனுடைய ஆட்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். மொனராகலை மாவட்டத்தில் புத்தல அருகிலுள்ள யுதகனாவை இந்தப் போரோடு சேர்த்துச் சொல்லுவார்கள். அது மரபு வழிச் செய்தி, சான்றாக எடுக்க முடியாது.

அண்ணன் தப்பியோடினான். கூடப் போனது ஒரு அமைச்சனும் ஒரு பெட்டைக் குதிரையும்தான். அமைச்சன் பெயரும் தீசன், குழம்ப வேண்டாம். தம்பி பின்னால் துரத்தி வர, பிக்குகள் இருவருக்கும் நடுவே ஒரு மலையை உண்டாக்கினார்களாம். இது சங்கத்தாரின், அதாவது பிக்குகள் கூட்டத்தின், வேலை என்று உணர்ந்து தம்பி திரும்பிப் போனான். ஒரு ஆற்றுத்துறையில் வந்து நின்ற அரசன் எனக்குப் பசிக்கிறது என்றான். அமைச்சன் தன்னிடம் பொற்கிண்ணத்தில் வைத்திருந்த சோற்றை எடுத்துக் கொடுத்தான். பிக்குகளுக்குக் கொடுக்காமல் உண்டு பழக்கமில்லாத அரசன் அதை நாலு பங்காக்கச் சொன்னான். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று தனக்கு, ஒன்று அமைச்சனுக்கு, ஒன்று குதிரைக்கு. ஒரு தேரர், அதாவது மூத்த பிக்கு, வந்து பாத்திரத்தை நீட்டியபோது சங்கத்தின் பங்கோடு தன் பங்கையும் இட்டான். அமைச்சன் தன்னுடையதையும் இட்டான். குதிரையும் தன் பங்கை வேண்டாம் என்றது, அதையும் இட்டார்கள். இதன் பிறகு வரும் அற்புதத்தை விட்டுவிடலாம். தம்பியிடம் அடிபட்டு, பசியோடு ஆற்றங்கரையில் நின்ற ஒரு அரசனின் படத்தை இந்த நூல் மறைக்காமல் வைத்திருக்கிறது. எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

இரண்டாவது போரில் அண்ணன் அறுபதாயிரம் பேரோடு வந்தான் என்கிறது நூல். அந்த எண்ணை எண்ணாக எடுக்காதீர்கள், பெரும்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி கண்டுல மேல், அண்ணன் அதே பெட்டைக் குதிரை மேல். அண்ணன் குதிரையோடு யானைக்கு மேலாகப் பாய்ந்து தம்பியின் முதுகுக் கவசத்தில் மட்டும் படும்படி ஈட்டி எறிந்தான். கொல்ல நினைத்தால் கொன்றிருக்கலாம் என்பது சொல்லாமல் சொல்லப்படுகிறது. உன் பலவீனத்தால் ஒரு பெட்டை என்னைத் தாண்டியது என்று யானை அவமானப்பட்டு, முதுகில் இருந்தவனைத் தள்ளிவிட மரத்தை நோக்கி ஓடியது. தம்பி மரத்தில் தொற்றிக்கொண்டான். யானை தன் பழைய எசமானிடம் போய்விட்டது. அரசுரிமையின் சின்னம் இப்படித்தான் கை மாறியது.

அதற்குப் பிறகு நடப்பதை நான் வகுப்பில் எப்போதும் ஆறுதலாகச் சொல்லுவேன். தம்பி ஒரு விகாரைக்குள் ஓடித் தலைமைத் தேரரின் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தான். தேரர் ஒரு சீவரத்தை, பிக்குகள் போர்த்தும் துணியை, கட்டில் மேல் விரித்துத் தொங்கவிட்டார். அண்ணன் வந்து, "தீசன் எங்கே?" என்றான். "கட்டிலில் இல்லை, மன்னா" என்றார் தேரர். பொய்யும் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை. கீழேதான் இருக்கிறான் என்று அண்ணனுக்கு விளங்கியது. உள்ளே கை வைக்காமல் வெளியே வந்து விகாரையைச் சுற்றிக் காவல் போட்டான். பிறகு தீசனைக் கட்டிலில் கிடத்தித் துணியால் மூடி, இளம் துறவிகள் நாலு பேர், இறந்த பிக்குவைக் கொண்டுபோவது போலத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதையும் அண்ணன் கண்டுகொண்டான். "தீசா, நீ நம் குலதெய்வங்களின் தலைமேல் போகிறாய். அவர்களிடமிருந்து எதையும் பறிப்பது என் வழக்கமில்லை. அவர்கள் செய்த நன்மையை மறவாதே" என்ற பொருளில் பேசிப் போகவிட்டான். பிறகு தாயை மாகமத்துக்கு அழைத்துப் போனான்.

சமாதானம் அதற்குப் பிறகுதான். தோற்ற தம்பி கோதகத்ததீசர் என்ற தேரரிடம் போய், நான் பிழை செய்துவிட்டேன், அண்ணனோடு ஒப்புரவாக்கி விடுங்கள் என்று கேட்டான். தேரர் அவனை ஒரு ஏவலாள் வேடத்தில் பிக்குகளோடு அரண்மனைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கட்டின் தலைப்பில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். அரசன் பாற்கஞ்சி கொண்டுவந்தபோது தேரர் பாத்திரத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்க, தீசனோடு வந்திருக்கிறோம் என்றார். "எங்கே அந்தக் கள்ளன்?" என்று அண்ணன் சீறினான். துரோகி, கள்ளன் என்ற பேச்சு இந்த ஒரு இடத்தில், அதுவும் அடிபட்ட அண்ணனின் வாயில்தான் வருகிறது. அதற்குள் விகாரமகாதேவி ஓடிப்போய் இளைய மகனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு போர் முழுவதும் பேசாமல் கொண்டுபோகப்பட்டும் திருப்பிக் கொண்டுவரப்பட்டும் இருந்த தாய் தானாகச் செய்த ஒரே காரியம் இது. அண்ணன் தேரரிடம், "நாங்கள் உங்கள் தொண்டர்கள் என்று தெரியும்தானே? ஏழு வயதுச் சாமணேரன், சின்னத் துறவி, ஒருவனை அனுப்பியிருந்தால்கூட இத்தனை உயிர் போகாமல் இந்தச் சண்டை நின்றிருக்குமே" என்றான். அது சங்கத்தின் பிழைதான் என்று தேரர் ஒப்புக்கொண்டார். அப்புறம் அண்ணன் தம்பியைப் பக்கத்தில் இருத்திச் சேர்ந்து உண்டான். தம்பியை மறுபடி தீகவாபிக்கே பயிர் வேலைகளைப் பார்க்க அனுப்பினான்.

கதை இவ்வளவுதான். இதில் எதை உறுதியாக எடுக்கலாம்? துட்டகைமுனு கி.மு. 161 முதல் 137 வரையும், அவனுக்குப் பிறகு தம்பி சத்தாதீசன் கி.மு. 119 வரையும் அநுராதபுரத்தில் ஆண்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட காலக்கணக்கு. தம்பி அரசனானதை வரலாறாகவே எடுக்கலாம். சண்டையின் விவரங்கள் அப்படியில்லை. மகாவம்சத்தை மகாவிகாரையைச் சேர்ந்த மகாநாமர் கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் எழுதினார். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஆறு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் பிக்குகள் வந்து நிற்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அரசர்கள் சங்கத்தின் சொல் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல எழுதப்பட்ட பகுதி இது. மலை எழுந்ததும் யானை பேசியதும் வரலாறு இல்லை. மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் துட்டகைமுனுவைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. பத்து வீரரும் கண்டுல யானையும் அங்கே உண்டு, சகோதரர் போர் இல்லை.

அப்படியென்றால் முழுவதும் கற்பனையா என்று கேட்டால், நான் இல்லை என்பேன். மகாவம்சத்துக்குத் துட்டகைமுனுதான் பெருநாயகன். தன் நாயகன் சொந்தத் தம்பியிடம் தோற்று, ஒரு பெட்டைக் குதிரையோடு ஓடி, பசியோடு நின்றான் என்று ஒரு ஆசிரியர் காரணமில்லாமல் கற்பனை செய்யமாட்டார். ஊரெல்லாம் வாய்வழியாகத் தெரிந்திருந்த ஒன்றை மறைக்க முடியாமல் சங்கத்துக்குப் பெருமை சேரும்படி சொன்னார் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. அரசுரிமைக்காக அண்ணனும் தம்பியும் மோதினார்கள், பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது என்ற நடுத்தண்டை நான் நம்புகிறேன். கட்டிலும் படிக்கட்டும் நடந்தனவா என்று நிரூபிக்க வழியில்லை.

இப்போது வீடணனுக்கு வருகிறேன். வீடணன் அண்ணனை விட்டு எதிரியின் பாசறைக்குப் போனான். அது தர்மத்துக்காகப் போனதா துரோகமா என்று நம்மவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். தீசன் அப்படிப் போகவில்லை. அண்ணனின் பெரிய எதிரி எல்லாளன் கங்கைக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தான். முதல் போரில் வென்றபோதோ, இரண்டாவதில் எல்லாம் இழந்தபோதோ தீசன் எல்லாளனிடம் உதவி கேட்டதாக ஒரு வரியும் இல்லை. பிற்காலத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். சிகிரியா அரசன் காசியப்பனின் தம்பி முகலன் இந்தியாவுக்குப் போய்ப் படை திரட்டி வந்து கி.பி. 495இல் அண்ணனை வீழ்த்தினான். 16ஆம் நூற்றாண்டில் கோட்டை அரசன் புவனேகபாகு போர்த்துக்கீசரைத் துணைக்கு அழைக்க, அவன் தம்பி சீதாவாக்கை மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமுத்திரியின் உதவியை நாடினான். வெளியார் இந்தத் தீவுக்குள் காலூன்றிய கதையில் அந்த அண்ணன் தம்பிப் பகைக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாளனோடு நடந்த போர் விவரிப்பில் தீசன் முன்னுக்கு வருவதில்லை. அவன் மறுபடி வருவது அண்ணனின் கடைசி நாட்களில். அநுராதபுரத்தில் அண்ணன் கட்டிய பெரிய தாதுகோபமான ருவன்வெலிசாயவின் முடியும் சாந்துப் பூச்சும் மிஞ்சியிருந்தபோது அண்ணன் நோயில் விழுந்தான். தீகவாபியிலிருந்து தம்பியை அழைத்து, மிச்ச வேலையை முடி என்றான். அண்ணனுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று தம்பிக்குத் தெரிந்தது. தையற்காரரை வைத்து வெள்ளைத் துணியால் தாதுகோபம் முழுவதையும் போர்த்தான். ஓவியரைக் கொண்டு துணியில் வேலியும் பூரண கும்பங்களும் வரைவித்தான். மூங்கில் முடைபவர்களை வைத்து மூங்கிலால் குடை செய்வித்தான். பிறகு போய், வேலை முடிந்தது என்றான். பல்லக்கில் வந்து பார்த்த அண்ணன் மகிழ்ந்து வணங்கினான். மரணப் படுக்கையில் இருந்த அண்ணனை ஏமாற்றினான் என்று ஒரு மாணவி வகுப்பில் கோபப்பட்டிருக்கிறாள். எனக்கு அது பாசமாகத்தான் தெரிகிறது. காரணம், அண்ணன் போன பிறகு உண்மையான குடையையும் சாந்துப் பூச்சையும் அவனே செய்து முடித்தான்.

துட்டகைமுனுவின் மகன் சாலிய தாழ்ந்த குலத்துப் பெண் அசோகமாலாவை மணந்து அரசை வேண்டாம் என்றதால் தம்பி அரசனானான் என்று நூல் விளக்குகிறது. நான் மேலே சொன்ன சகோதர உரிமையும் அதற்கு உதவியிருக்கும். சத்தாதீசன் 18 ஆண்டுகள் ஆண்டான். விளக்குத் தீயால் எரிந்த உலோகப் பிரசாதம் என்ற பிக்குகளின் மாளிகையை ஏழு மாடியாகத் திரும்பக் கட்டினான். தான் நெடுநாள் இருந்த தீகவாபியில் விகாரை எழுப்பினான். அவன் கண்ணை மூடியதும் அமைச்சர்களும் சங்கமும் அவன் இளைய மகன் துலத்தனனுக்கு முடி சூட்டினார்கள். மூத்த மகன் லஞ்சதீசன் படையோடு வந்து தம்பியைப் பிடித்து அரசை எடுத்தான். துலத்தனன் ஆண்டது ஒரு மாதமும் பத்து நாளும். தம்பி பக்கம் நின்றார்கள் என்று சங்கத்தின் மேல் லஞ்சதீசன் மூன்று வருடம் முகம் கொடுக்காமல் இருந்தான். இந்த முறை எந்தத் தேரரும் இருவரையும் ஒரே இடத்தில் இருத்தவில்லை.

நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால் மகாவம்சத்தை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 22, 24, 32, 33 ஆகிய அதிகாரங்களை இந்த வரிசையில் படியுங்கள். மாம்பழமும் சோற்றுப் பங்குகளும் 22இல், போரும் சமாதானமும் 24இல், வெள்ளைத் துணி 32இல், சத்தாதீசனும் அவன் பிள்ளைகளும் 33இல். 25ஆம் அதிகாரத்து எல்லாளன் போரை இவற்றுக்குப் பிறகு படித்தால், அதில் வரும் துட்டகைமுனு உங்களுக்கு வேறு ஆளாகத் தெரியலாம். அடுத்த முறை நேரம் கிடைத்தால் சேருவிலவோடு நின்றுவிடாமல் தெற்கே தீகவாபிக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.